மிச்சம் பிடித்தவர்கள்

மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த அக்கா, பேத்தியைக் கொஞ்சிய சூடு ஆறுமுன் சலவைக்கூடத்துக்குத் திரும்பிய அன்று காலை, வாசலிலேயே நின்றுவிட்டாள். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நீராவிக் குழாய்கள் எப்போதும்போல் உஸ்ஸென்று மூச்சு விட்டன. ஆனால் அழுக்கு மூட்டைகள் வந்து இறங்கும் மூலையில் இருந்த நீளமான தகர மேசையைக் காணோம். அது கிடந்த இடத்தில் தரை மட்டும் வெளிறித் தெரிந்தது.

அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த பாய்லர்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அப்பா விட்டுப்போன அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கும் அவள் தம்பிக்கும் சரிபாதி. உள்ளே வேலை நடக்கவேண்டியது அவள் பொறுப்பு. வெளியே அலைந்து ஆர்டர் பிடிப்பதும் விலை பேசுவதும் அவன் பொறுப்பு. அவள் வேதியியல் படித்தவள், அவன் வணிகம் படித்தவன். ஒருவர் படிப்பு மற்றவருக்கு இளக்காரம்.

“மேசை எங்கடா?” என்றாள், கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல்.

“வா வா, பாப்பா எப்படி இருக்கு? யார் ஜாடை?”

“உன் ஜாடை இல்ல, தப்பிச்சுது. மேசை எங்க?”

தம்பி சிரித்தபடி அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போனான். தொழிலில் வீணாகப் போவதை எப்படிக் கண்டுபிடித்து அறுப்பது என்று ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்திருந்தான். பேச்சில் அந்த வகுப்பு மணத்தது. காத்திருப்பது வீண், நடப்பது வீண், ஒரே வேலையை இரண்டு தரம் செய்வது வீண் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

“ஒரே துணியை ரெண்டு பேர் தொடுறாங்கக்கா. சித்தி மேசையில கொட்டி உதறுறாங்க, அப்புறம் மின்னல் அள்ளி மெஷின்ல போடுது. எதுக்கு? மின்னல் மூட்டையைப் பிரிச்சு நேரா உள்ள தள்ளட்டும். சித்தியை மடிக்கிற பக்கம் மாத்திட்டேன். யாரையும் வேலையை விட்டு அனுப்பல.”

சித்தி என்பது கண்ணாடிச் சித்தி. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர், யாருக்கும் சொந்தச் சித்தி இல்லை, எல்லோருக்கும் சித்தி. ஹோட்டல் மூட்டையும் மருத்துவமனை மூட்டையும் அந்த மேசையில்தான் கொட்டுவார். தடித்த கையுறையோடு ஒவ்வொரு விரிப்பாக உதறுவார். பேனா, சாவி, கைப்பேசி எல்லாம் விழும். ஒரு தரம் யாரோ ஒரு பெரியவரின் பல் செட்டு முழுசாகச் சிரித்துக்கொண்டே வந்து விழுந்தது. மருத்துவமனை மூட்டையில் எப்போதாவது கத்தரி வரும், ஊசி வரும். எடுத்து டப்பாவில் போட்டு மூடிவிடுவார். மின்னலின் கைக்கு வந்து சேரும்போது துணி வெறும் துணியாக இருக்கும். அதனால் மின்னல் மெல்லிய ரப்பர் கையுறைதான் போடுவாள். இயந்திரத்தில் துணி போடும் அந்தப் பெண்ணின் வேகத்துக்கு வைத்த பெயர்தான் மின்னல். அவள் துணி அள்ளும் அழகைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும்.

“ஆஸ்பத்திரி மூட்டையை எப்படிடா நேரா தள்றது?”

“ஆஸ்பத்திரிக்காரன் தனியா டப்பா வச்சு ஊசியைப் போடுறான். சித்தி கடைசியா எப்ப ஊசி எடுத்தாங்கன்னு அவங்களையே கேளு. அவங்களுக்கே ஞாபகம் இல்ல.”

அக்கா கேட்டாள். சித்திக்கு ஞாபகம் இல்லைதான். ரொம்ப நாளாயிற்று என்றார்.

அன்று மாலை வரை இருவரும் வாக்குவாதம் செய்தார்கள். தம்பியும் சும்மா வாயடிக்கவில்லை. பெரிய ஹோட்டல் வேறு ஒரு சலவைக்காரனிடம் விலை கேட்டிருக்கிறது; எரிபொருள் விலை ஏறி உட்கார்ந்திருக்கிறது; எதையாவது குறைக்காவிட்டால் கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான். அதெல்லாம் அக்காவுக்கும் தெரியும்.

“ஒரு மாசம் குடு. துணி அழுக்காப் போனா, லேட்டாப் போனா, நானே மேசையை முதுகுல சுமந்துட்டு வந்து போடுறேன்.”

பேத்தியோடு கண்விழித்த அலுப்பு அவளுக்கு. சரி, ஒரு மாசம்தானே என்று விட்டுவிட்டாள்.

துணி அழுக்காகப் போகவில்லை. நேரத்துக்கு முன்பே போனது. தம்பி சீட்டியடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிவந்தான். ஊசி, பல் செட்டு என்று யாராவது வாயெடுத்தால், “சித்திக்கு அந்தப் பல்லு மேல இன்னும் ஒரு கண்ணு” என்பான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான் சிரித்தாள்.

மாசம் முடிவதற்குள் அது நடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா சோப்புக் கரைசலை அளந்துகொண்டிருந்தாள். கடைசி இயந்திரத்தருகே மின்னல் அசையாமல் நிற்பது கண்ணில் பட்டது. அந்தப் பெண் அசையாமல் நின்று யாரும் பார்த்ததில்லை. வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே கையுறையில் ஒரு ஊசி தொங்கியது. அதன் பின்னால் குழாய் இருந்தது. குழாய்க்குள் கொஞ்சம் ரத்தம் இருந்தது, வேறு யாருடையதோ.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “குத்திருச்சு.”

அக்கா ஓடிவந்தாள். ஊசியை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடினாள், கையுறையைக் கழற்றினாள், குழாயடியில் அந்தக் கையைப் பிடித்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு துணி ஏற்றும் வண்டியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்த ரத்தத்தில் என்ன நோய் இருந்ததோ தெரியாது, உடனே மருந்து தொடங்கவேண்டும். மருந்து குமட்டும், பொறுத்துக்கொள்ளவேண்டும். இன்றைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, சில வாரம் கழித்து ஒன்று, சில மாதம் கழித்து ஒன்று. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

“எப்ப முழுசாத் தெரியும்?” என்று கேட்டாள் மின்னல்.

“கடைசிப் பரிசோதனை முடிஞ்சதும்மா.”

“அதுவரைக்கும்?”

டாக்டர் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டு, தைரியமா இருங்க என்றார்.

வெளியே நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தம்பி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். முகம் பேயறைந்தது போலிருந்தது. ஆனால் வாயிலிருந்து முதலில் வந்தது, “கையுறை போட்டிருந்துச்சா?” என்பதுதான்.

அக்கா எழுந்தாள். மின்னல் காதில் விழக்கூடாதென்று அவன் சட்டையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்துப்போனாள். கோபத்தில் அவளுக்குக் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“போட்டிருந்தா. துணி அள்ளுற கையுறை. தடிச்ச கையுறை மேசையோடவே உள்ள போயிருச்சு, உன் புண்ணியத்துல. நீ என்னடா கேக்கணும்? அந்தப் பொண்ணு எப்படி இருக்குன்னு கேக்கணும். கையுறையா கேப்பே?”

“பதட்டத்துல கேட்டுட்டேன்க்கா.”

“பதட்டத்துலதான் மனசுல இருக்கிறது வரும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அதைப் பார்த்தும் கோபம் அடங்கவில்லை. ஏனென்றால் அதில் பாதி அவள் மேலேயே இருந்தது. ஒரு மாசம்தானே என்று சொன்ன வாய் அவளுடையதுதான். தம்பியை எத்தனை திட்டினாலும் அந்தப் பாதி போகவில்லை.

மறுநாள் காலை வந்திறங்கிய மருத்துவமனை மூட்டைகள் எதையும் பிரிக்கவேண்டாம் என்றாள். அப்படியே வண்டியில் திருப்பி ஏற்றச் சொன்னாள். தம்பி ஓடிவந்தான்.

“என்ன பண்றே? எங்க போறே?”

“குடுத்தவங்ககிட்டயே குடுக்கப் போறேன்.”

“அக்கா, நம்ம வேலையில பாதி அவங்களோடது. கோபத்துல போய் எதையாவது பேசி—”

“அப்ப நீயும் வா. வந்து நான் பேசறது குத்தாம இருக்கப் பஞ்சு வை.”

அவன் வண்டியில் ஏறிக்கொண்டான்.

மருத்துவமனை நிர்வாக அதிகாரியின் அறை சுத்தமாக, குளுகுளுவென்று இருந்தது. மேசை மேல் ஒரு தூசு இல்லை. அதிகாரி நாற்காலி காட்டினார். அக்கா உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுவிட்டு, “ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா எங்க ஸ்டாஃப் ஊசியைத் துணியோட போடமாட்டாங்க. நல்ல டிரெயினிங் குடுத்திருக்கோம். வேற எங்கயாவதுலேருந்து வந்திருக்கலாம்” என்றார்.

“ஹோட்டல்ல தங்க வர்றவங்க ரத்தம் எடுத்துக்கிட்டாங்கன்றீங்களா?”

“அப்படிச் சொல்லல. பிரிச்சுப் பாக்க வேண்டியது உங்க பக்கத்துப் பொறுப்பும்தானே. ஒப்பந்தத்துலயே இருக்கு.”

தம்பி தரையைப் பார்த்தான். அது ஒப்பந்தத்தில் இருந்தது உண்மைதான். அக்கா வெளியே போனாள். வண்டியிலிருந்து ஒரு மூட்டையைத் தானே இழுத்துக்கொண்டு வந்தாள். தடுத்த காவலாளியைப் பார்த்த பார்வையில் அவர் கதவைத் திறந்துவிட்டார். மூட்டையைத் தூக்கி அந்தத் தூசில்லாத மேசை மேல் வைத்து, கட்டை அவிழ்த்தாள். அறையெங்கும் வாடை பரவியது.

“எங்க பொறுப்புல நாங்க தவறினோம். அதுக்கு நான் என் வீட்டுல பதில் சொல்லிக்கிறேன். இப்ப உங்க டிரெயினிங்கைப் பாப்போம். ஊசி இருக்காதுன்றீங்கள்ல? கையை உள்ள விடுங்க சார்.”

அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “என்ன மேடம் இது. இது ஆபீஸ்.”

“அந்தப் பொண்ணுக்கும் அது ஆபீஸ்தான். கையை விடுங்க.”

சத்தம் கேட்டு வார்டிலிருந்து தலைமை நர்ஸ் எட்டிப்பார்த்தார். அதிகாரிக்குத் தெம்பு வந்தது. “சிஸ்டர், நீங்களே சொல்லுங்க, நம்ம வார்டுல ஊசியை எங்க போடுறாங்க?”

நர்ஸ் மூட்டையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஒரு முடிவுக்கு வந்தவர்போல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

“முன்னெல்லாம் ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் டப்பா இருந்துச்சு. போன வருஷக் கடைசியில எடுத்துட்டாங்க. டப்பா பாதிகூட ரொம்பாமலே மாத்துறோம், வீணாப் போகுதுன்னு சொல்லி, இப்ப நடைவழி முனையில ஒண்ணே ஒண்ணுதான். ஒரே நேரத்துல நாலு பேர் கூப்பிட்டா ஊசியை ட்ரேயோட கட்டில் மேல வச்சுட்டு ஓடுறோம். திரும்பி வர்றதுக்குள்ள விரிப்பைச் சுருட்டிக் கொண்டுபோயிடுறாங்க. நான் சொல்லிட்டேதான் இருக்கேன் சார். நீங்க கேக்கல.”

“அது என் முடிவு இல்ல சிஸ்டர். வீண்செலவைக் குறைன்னு மேலேருந்து சொன்னாங்க. நாம நடைமுறைப்படுத்தினோம். வேலை ஒண்ணும் கெட்டுப்போகலையே, வார்டு ஓடிட்டுத்தானே இருக்கு.”

அது தம்பி ஒரு மாசமாகச் சொல்லிவந்த அதே பேச்சு. அக்கா திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“கேட்டியா? இவரு டப்பாவுல மிச்சம் பிடிச்சாரு. நீ மேசையில மிச்சம் பிடிச்சே. ரெண்டு பேரும் மிச்சம் பிடிச்சது எங்க போய்ச் சேர்ந்துச்சு? அந்தப் பொண்ணு கையில.”

“சார், அக்கா ஆத்திரத்துல பேசுறாங்க,” என்றான் தம்பி அவசரமாக. “எல்லா மூட்டையிலயும் இருக்கும்னு நாங்க சொல்ல வரல. இதுலகூட ஒண்ணும் இருக்காது. நாம உக்காந்து பேசி—”

“இருக்காதா?” என்றாள் அக்கா. “அப்ப நீ விடு.”

தம்பியின் காது மடல் சிவந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ரோஷம் வந்தால் அப்படித்தான். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தான். மேசையருகே வந்தான். மூட்டையின் வாய்க்குள் கை இறங்கியது.

அக்கா பளாரென்று அந்தக் கையில் அடித்தாள். மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“எடுடா கையை. பைத்தியமாடா நீ?”

அவன் கண்ணில் நீர் நின்றது. அடி வலித்ததாலா, வேறெதனாலோ தெரியவில்லை. நர்ஸ் மூட்டையின் கட்டை மெதுவாக இறுக்கிக் கட்டினார்.

கட்டில் பக்கம் டப்பா திரும்ப வரும்வரை தன் வண்டி அந்த வாசலுக்கு வராது என்று சொல்லிவிட்டு, மற்ற மூட்டைகளையும் வாசலில் இறக்கவைத்துவிட்டு அக்கா வெளியேறினாள்.

வண்டிக்குள் ஏறியதும் தம்பி வெடித்தான். அவ்வளவு நேரம் அடக்கிவைத்தது எல்லாம் கொட்டியது.

“சரி, நான் பண்ணது தப்பு. ஆயுசுக்கும் தப்பு. ஆனா நீ என்ன பண்ணே? உனக்கு எதைத் தொட்டாலும் ஆகாது. அப்பா வச்ச சோப்பு, அப்பா வச்ச அலசல். பாய்லர் குழாய் ஒழுகுதுன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன், மழைக்காலம் முடியட்டும்னே. ஒரு நாளாவது நீயா ஒண்ணைக் குறைச்சிருக்கியா? குறைக்கவே மாட்டேன்னு நீ உக்காந்திருந்ததாலதான் நான் கண்ட இடத்துல கையை வச்சேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

“பேசிட்டியா? இப்ப நான் சொல்றதைக் கேளு. உன் சிநேகிதன் விடுதிக்கு அவசரம் அவசரம்னு வாரம் பூரா வாக்குக் குடுத்துட்டு வர்றியே, நாலு துண்டுக்கு ஒரு பெரிய மெஷினை ஓட்டுறோம். கால்வாசி ரொம்பாத மெஷினுக்கு முழுத் தண்ணி, முழு நீராவி. அது வீண் இல்லையா? உன் வகுப்புல அதுக்குப் பேரு சொல்லித் தரலையா?”

“அவன் நமக்கு நல்ல பார்ட்டி.”

“உனக்கு நல்ல சிநேகிதன். நமக்குப் பார்ட்டி இல்ல.”

கூடம் வந்து சேரும்வரை இப்படியே ஒருவரையொருவர் பிடுங்கித் தின்றார்கள். ஆனால் அந்த வாரம் மருத்துவமனை மூட்டை வராமல் பாதி இயந்திரங்கள் சும்மா கிடந்தன. சும்மா கிடந்த கூடத்தில் இருவருக்கும் கண் தெளிந்தது. பாய்லர்காரர் ஒழுகும் இணைப்புகளை எல்லாம் பிரித்து மாட்டினார். பல வருஷமாக உஸ்ஸென்று இருந்த கூடம் அமைதியானபோது, காது அடைத்துக்கொண்டதோ என்று எல்லோரும் காதைத் தடவிப்பார்த்தார்கள். அக்கா கடைசி அலசல் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்துச் சோதித்தாள். மறுபடி மறுபடி சோதித்தாள். அப்பா காலத்துச் சோப்புக்குத் தேவைப்பட்ட அந்தக் கூடுதல் அலசல், இப்போதைய சோப்புக்குத் தேவையே இல்லை. இத்தனை வருஷம் நல்ல தண்ணீரை நல்ல தண்ணீரால் கழுவியிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தம்பியிடம் போய்ச் சொன்னாள். அவன் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

சிநேகிதன் விடுதிக்குத் தம்பியே போன் செய்தான். இனி துணி சேர்ந்தால்தான் எடுப்போம் என்றான். சிநேகிதன் கொஞ்சநாள் முறைத்துக்கொண்டு திரிந்தான்.

மேசையையும் தம்பிதான் தூக்கிவந்து போட்டான். முதுகில் அல்ல, பாய்லர்காரரும் அவனுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து. கண்ணாடிச் சித்தியோடு இன்னொரு ஆளும் நின்றார்கள், இருவருக்கும் தடித்த கையுறை. நர்ஸ் விடாப்பிடியாக நின்று டப்பாக்களைத் திரும்ப வாங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகே மருத்துவமனைக்கு வண்டி போனது. அப்போதுதான் சித்தி ஒன்றைக் காட்டினார்: மூட்டைக்குள் மடிப்புக் கலையாத விரிப்புகள். யாரும் படுக்காதவை. வார்டில் அழுக்கோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்களாம். மேசை இல்லாத நாட்களில் அவற்றையெல்லாம் துவைத்துத் துவைத்து அனுப்பியிருக்கிறார்கள். நர்ஸிடம் சொன்னதும் வார்டிலேயே பிரித்துவைக்க ஏற்பாடு செய்தார்.

எரிபொருள் செலவு இறங்கியது. துணி நேரத்துக்குப் போனது. பெரிய ஹோட்டல் மட்டும் நிற்கவில்லை, மலிவாகக் கேட்டவனிடமே போய்விட்டது. இருந்தும் கூடம் தாக்குப்பிடித்தது.

மின்னல் வேலைக்கு வரவில்லை. சம்பளம் மட்டும் வீடு தேடிப் போனது. மருந்து அவளைப் படுக்கையில் தள்ளிவிட்டது. நிறுத்திய பிறகும் வெகுநாள் தேறவில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் அக்கா கூடவே போனாள். கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று, மின்னல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வீட்டுக்குப் போலாம்க்கா என்றாள்.

இரண்டு நாள் கழித்து, நானும் வரேன், அவளைப் பாக்கணும் என்றான் தம்பி. ஒரு கூடைப் பழம் வாங்கிக்கொண்டான். வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஓர் அறை வீடு. மின்னல் கதவைத் திறந்து உட்காரச் சொன்னாள். இளைத்திருந்தாள். அவளுடைய சின்ன மகள் மூலையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தது. தம்பி கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே சொன்னான்: “என் மேல தப்பும்மா. நான் யோசிக்காம பண்ணிட்டேன். உனக்கு எந்த வேலை வேணும்னாலும் சொல்லு. மேசைப் பொறுப்பையே உனக்குத் தரோம். இப்ப எல்லாம் சரி பண்ணிட்டோம், செலவும் குறைஞ்சிருக்கு, யாருக்கும் ஆபத்தும் இல்ல.”

மின்னல் பொறுமையாகக் கேட்டாள்.

“நல்லது சின்னவரே,” என்றாள். “நான் துணிக்கடையில சேந்துட்டேன். அடுத்த வாரத்துலேருந்து போறேன்.”

“எங்க மேல கோபம் தீரலையா?”

அவள் மகளைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இத்தனை மாசமா இவ என் டம்ளரை எடுத்தா கையில அடிச்சேன். பக்கத்துல வந்து படுத்தா தள்ளிவிட்டேன். அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு, என்னால முடியல. இப்ப எல்லாம் சரியாப் போச்சு, வாடின்னு கூப்பிடுறேன். வரமாட்டேங்குறா. கோபம் தீர்றதுக்கு நான் என்ன பண்ணணும்னு நீங்க சொல்லுங்க.”

தம்பி வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் ஒன்றும் அதற்கு உதவவில்லை. அக்கா அவனுக்காகப் பேசவில்லை, அவனுக்கு எதிராகவும் பேசவில்லை. மின்னல் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தும் அவன் சாவியைத் திருகாமல் இருந்தான்.

“நான் என்னக்கா பண்ணட்டும்?”

ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று அவளுக்கும் தோன்றியது. தம்பிதானே. ஆனால் தொண்டைக்குள் இன்னும் அந்தக் கோபம்தான் இருந்தது, அவன் மேலும், தன் மேலும். அதைச் சீக்கிரம் விழுங்கிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

“தெரியலடா,” என்றாள். “வண்டியை எடு.”